அபி செய்தது சரியோ?

லா சப்பலில் பெண்களுக்கு வருடத்தைச் சொல்ல இலக்கம் தேவைப்படுவதில்லை. "எப்ப இங்க வந்தனீங்கள்?" என்று ஒரு அன்ரியைக் கேட்டால், "சித்தி போய்க்கொண்டிருக்கேக்க" என்பா. "மூத்தவன் எப்ப பிறந்தவன்?" என்றால், "மெட்டி ஒலி முடியிற நேரம். வயித்தோட இருந்துதான் கடைசிக் கிழமை பாத்தனான்" என்று பதில் வரும். ஆண்கள் சண்டைகளையும் பேச்சுவார்த்தைகளையும் வைத்துக் காலம் சொல்லுவார்கள், பெண்கள் சீரியலை வைத்து. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ராதிகா நடித்த 'சித்தி' சன் தொலைக்காட்சியில் 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்தது. ஆனையிறவுச் சண்டை 2000 ஏப்ரலில் வந்தது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' 2002 ஏப்ரலில் தொடங்கியது. ஏ9 பாதை திறந்ததும் அதே மாதம்தான். திருச்செல்வம் இயக்கி, தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை 1533 பகுதிகள் போனது. சுனாமியும் முள்ளிவாய்க்காலும் அந்த ஆறு வருடத்துக்குள் அடங்கும்.

இந்தச் சீரியல்கள் முடிந்து பதினைந்து, இருபது வருடங்களாகிவிட்டன. ஆனாலும் ஃபோபூர் சன் டெனி வீதியில் புருவம் திருத்தக் காத்திருக்கும்போதும், சாமான் கடையில் காசு கட்ட வரிசையில் நிற்கும்போதும், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு மேசையிலும் அவற்றின் கதை இன்னும் பேசப்படுகிறது. பேசப்படுகிறது என்பதைவிட, வழக்காடப்படுகிறது என்பதுதான் சரி. புதிய சீரியல்களையும் இவர்கள் பார்க்கிறார்கள். பார்த்த வேகத்தில் மறந்தும் விடுகிறார்கள். பழையவற்றை மட்டும் விடுவதில்லை. பழைய நாளின் மீதான ஏக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

*

நான் ஆறு வயதில் பாரிஸுக்கு வந்தவள். 'சித்தி' தொடங்கியபோது லிசேயில் படித்துக்கொண்டிருந்தேன். றூ காயிலும் அதைச் சுற்றியும் அப்போது வீடியோக் கடைகள் இருந்தன. ஒரு கசற்றில் ஒரு கிழமைச் சீரியல். சனிக்கிழமை பின்னேரம் மரக்கறி வாங்கப் போகிற அம்மா முருங்கைக்காயோடும் கசற்றோடும் திரும்பி வருவா. கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி. ராதிகாவின் முகம் சிலவேளை பச்சையாக இருக்கும், சிலவேளை கோடு கோடாக ஓடும். வெள்ளிக்கிழமைப் பகுதி அநேகமாகப் பாதியில் நின்றுவிடும். வேறு கடையில் கசற் எடுத்த அன்ரி ஒருவர் மேல்மாடியில் இருந்தா. மிச்சக் கதையை அவ வந்து சொல்லுவா.

இந்த 'மிச்சக் கதை'தான் எங்களைக் கெடுத்தது அல்லது ஆக்கியது. சென்னையில் ஒரு பெண் சீரியலை ஒவ்வொரு இரவும் பார்த்தாள், அடுத்த நாள் மறந்தாள். எங்களுக்கு அது தவணை முறையில், குறையோடு, கை மாறி வந்தது. விடுபட்டதை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்க வேண்டியிருந்தது. சொல்லும்போது சொல்கிறவரின் தீர்ப்பும் சேர்ந்தே வந்தது. மேல்மாடி அன்ரி, மூத்தாள் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிற சாரதாவின் பக்கம். கீழ்மாடி அன்ரிக்கு, சாரதா தன்னைத் தானே தியாகி ஆக்கிக்கொள்கிறவள். ஒரே பகுதியை இரண்டு பேரும் சொன்னால் இரண்டு கதை கேட்கும். எங்கள் ஊர்களில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அந்தச் சொல்லுக்கு மாற்றாந்தாய் என்றும் பொருள் உண்டென்று என் தம்பி தெரிந்துகொண்டது அந்தக் கசற்றுகளில்தான். கொஞ்ச நாள் அவன் சின்னம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்துத் திரிந்தான்.

பாரிஸில் நடந்த இலக்கியக் கூட்டங்களுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே சீரியல் என்ற சொல் வந்தாலே ஒரு சிரிப்பு எழும். எங்கள் பெண்களின் மூளையைச் சன் ரி.வி. தின்றுவிட்டது, தமிழ்நாட்டு மாமியார் மருமகள் சண்டையை இறக்குமதி செய்து நாட்டுப் பிரச்சினையை மறக்கடிக்கிறது என்று பேசுவார்கள். பேசினவர்கள் ஆண்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அந்தச் சீரியல்களில் பெண்கள் அழுத அளவுக்கு வேறெதுவும் செய்யவில்லை, நல்லவள் என்றால் பொறுக்கிறவள் என்றுதான் அவை சொல்லிக்கொடுத்தன. ஆனால் கூட்டத்தில் பேசின ஒருவரும் பின்னேரக் குசினிகளுக்குள் போய் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. அங்கே யாரும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

*

'மெட்டி ஒலி' அந்தச் சண்டைக்கு நல்ல களம். தாயில்லாத ஐந்து பெண் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கிற சிதம்பரம் என்ற தகப்பனின் கதை அது. டெல்லி குமார் நடித்தார். 800க்கும் மேற்பட்ட பகுதிகள். அந்தப் பெண்களில் சரோவை மாமியார் ராஜமும், தாய் சொல் தட்டாத கணவன் மாணிக்கமும் படுத்துகிற பாட்டைப் பார்த்து லா சப்பல் கொதித்தது.

கதை சென்னையில் நடந்தாலும் கணக்கு எங்களுடையது. அது சமாதான காலம். பாதை திறந்திருந்தது, பாரிஸிலிருந்து ஊருக்குப் போய்க் கல்யாணம் பேசினார்கள். சீதனம் ஈரோவில் பேசப்பட்டது. ஊரில் வீடு, கொழும்பில் காசு, மாப்பிள்ளைக்கு இங்கே 'கார்ட்' இருந்தால் அதற்கொரு விலை. வந்திறங்கிய புதுப்பெண்கள் மாமியாரோடும் மச்சாள்மாரோடும் இரண்டறை வீட்டில் இருந்தார்கள். மொழி இல்லை, விசா கணவனின் கையில். அப்படி ஒரு பெண் எங்கள் கட்டிடத்திலும் இருந்தா. அவவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நாளைக்கு முகம் பார்க்க வேண்டுமே. ஆனால் சரோவைப் பற்றி, அந்த மாமியார் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே, பெரிய குரலில் பேசினார்கள்.

"உவள் சரோ ஏன் அங்கயே கிடக்கிறாள்? தகப்பன் வீட்டை போறதுதானே?"

"போனா மற்றப் பிள்ளையளின்ரை கலியாணம் என்னாகிறது?"

"அதுக்காக அடி வாங்கிறதே? அப்பிடி அடிக்கிறவனைப் பொலிசிலை குடுக்க வேணும்."

கடைசி வசனத்தைச் சொன்னது மேல்மாடி அன்ரி. தமிழ் சீரியலுக்குள் பிரெஞ்சுப் பொலிஸ் எப்படி வரும் என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மூலையில் இருந்த அந்தப் புதுப்பெண் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சில மாதம் கழித்து, மேல்மாடி அன்ரியின் வீட்டுக்கு ஒரு பையோடு போனா. ஏன் அங்கே போனா என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டு பேரும் அதுவரை தனியாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

*

எங்கள் வீட்டுக்குள் வந்த சண்டை 'கோலங்கள்'.

அபியைத் தெரியாத தலைமுறை இப்போது வந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தகப்பன் விட்டுவிட்டுப் போன குடும்பத்துக்கு அபி மூத்த பிள்ளை. தாயையும் தங்கைகளையும் தம்பியையும் அவள்தான் சுமக்கிறாள். கணவன் பாஸ்கருக்குக் காசே எல்லாம், அந்தக் கல்யாணம் முறிகிறது. கட்டிடத் தொழிலில் அவள் எழும்ப எழும்ப விழுத்துகிற ஆதித்யா, அதே தகப்பனின் மற்றக் குடும்பத்து மகன். தொல்காப்பியன் என்ற சினேகிதன் மட்டும் கூட நிற்கிறான். அவள் யாருக்காக உழைத்தாளோ அவர்களே அவளுக்கு எதிராகத் திரும்புகிற கட்டங்கள் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

பெரியம்மா, என் அம்மாவின் மூத்த அக்கா, 1984இல் பாரிஸுக்கு வந்தவ. விடிய நாலரைக்கு எழும்பி அலுவலகங்கள் துடைத்தா, பின்னேரம் வீடுகள் துடைத்தா. சீட்டுப் பிடித்து ஏஜென்சிக்குக் காசு கட்டி நாலு சகோதரங்களை வெளியில் எடுத்தா. அம்மா அதில் இரண்டாவது. கடைசித் தம்பி பாரிஸில் இரண்டு வருடம் இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவர். பெரியம்மா கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சமாதான காலத்தில் கனடா மாமா ஊருக்குப் போனார். திரும்பி வரும்போது அம்மம்மாவின் வீட்டுக் காணி உறுதி அவரின் பெயரில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு பெண் பிள்ளைக்குப் போகிற வழக்கம். மற்ற இரண்டு பெண்களுக்கும் சீதனமாக ஏதோ எழுதியாகிவிட்டது. கல்யாணம் கட்டாதவளுக்குச் சீதனம் இல்லைத்தானே. பெரியம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. அவவும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டின் கூரையும் கிணறும் அவ அனுப்பிய காசில் கட்டியவை.

2006இல் ஒரு ஞாயிறு. லா கூர்நெவ்வில் எங்கள் குசினியில் அம்மா, பெரியம்மா, சின்னம்மா, இரண்டு அயலட்டை அன்ரிமார். பேச்சு அபியில் வந்து நின்றது. அவ்வளவு செய்தவள் தன் சகோதரங்களை உதறிவிட்டுப் போயிருக்க வேணுமா, இல்லையா?

அம்மா சொன்னா: "அபி வாயைத் திறந்து கேட்டிருக்க வேணும். கேட்டால்தானே மற்றவைக்குத் தெரியும். எல்லாத்தையும் மனதுக்கை வைச்சுக்கொண்டு மூஞ்சையை நீட்டினா ஆருக்கு விளங்கும்?"

பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. "அபி என்னத்தைக் கேக்கிறது? 'நான் உங்களுக்குச் செய்தனான், திருப்பித் தாங்கோ' எண்டோ? கேட்டு வாங்கினா அது கடன் தங்கச்சி. அவள் கடன் குடுக்கேல்லை."

"அப்ப அவள் ஏன் அழுறாள்?"

"அதுகள் கேளாமல் இருந்ததுக்கு."

அயலட்டை அன்ரிமார் அபியைப் பற்றித் தொடர்ந்து பேசினார்கள். சின்னம்மா அடுப்பைக் குறைத்தா. அம்மா எழும்பி யன்னலைத் திறந்தா. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எங்கள் குடும்பத்தில் காணி பற்றி நடந்த ஒரே உரையாடல் இதுதான் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. அதில் காணி என்ற சொல் ஒருதடவையும் வரவில்லை.

*

2009இல் ஏப்ரல், மே மாதங்களில் ஒருவரும் சீரியல் பார்க்கவில்லை. நாங்கள் வீதியில் நின்றோம். பிறகு வீட்டுக்குள் வந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மே 18க்குப் பிறகு லா சப்பல் கடைகளில் ஒரு சத்தமில்லை. ஆடி மாதமளவில் பெண்கள் 'கோலங்கள்' பற்றி மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினார்கள்: "இடையிலை என்ன நடந்தது?" அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் எல்லாரும் அதே கிழமைகளைத்தான் விட்டிருந்தோம். அந்த நாட்களில் யாருக்கு யார் இல்லாமல் போனார்கள் என்று கேட்கவும் பயம். கேட்டால் எந்த ஊர், எந்தப் பக்கம், யார் கூட்டிக்கொண்டு போனது என்று கதை நீளும். கதை நீண்டால் ஒரு அறைக்குள் இருக்க முடியாதவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். அதனால் அபியிடம் திரும்பிப் போனோம். இதை மறதி என்று இலக்கியக் கூட்டத்தில் சொல்லுவார்கள். நான் அந்த அறைகளில் இருந்திருக்கிறேன். யாரும் எதையும் மறந்திருக்கவில்லை.

அம்மாவின் அலுமாரியில் ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கிறது. அதற்குள் பிரெஞ்சில் தட்டச்சு செய்த ஏழு பக்கம். அம்மாவின் அகதி விண்ணப்பம், நாங்கள் 'கேஸ்' என்று சொல்வது. இன்ன திகதி, இன்ன இடம், இன்னார் வந்தார்கள். திகதி பிசகினால் கதை பொய்யாகிவிடும் என்பதால் அம்மா அதைப் பாடமாக்கினா. ஒருதடவை அதிகாரிக்கு முன்னால் சொன்னா. அதன்பிறகு, எனக்கும் தம்பிக்கும்கூட, அவ அதைச் சொன்னதில்லை. அப்படிச் சொன்ன கதையில் வாதாட இடமில்லை. "நீ அப்ப ஓடியிருக்கலாமே", "உன்ரை தம்பியை ஏன் விட்டிட்டு வந்தனீ?" என்று ஒருவரும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது. ஆனால் மனிதருக்கு அந்தக் கேள்விகள் தேவைப்படுகின்றன. தான் செய்தது சரியா என்று யாராவது எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. சரோ ஏன் வெளியேறவில்லை, அபி ஏன் உதறவில்லை என்று இருபது வருடமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இது எங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அம்மா பதினொரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே எல்லாரும் ரி.வி.க்கு முன்னால் கூடுவார்கள். 1973இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சீரியல், பிரெஞ்சுக் குரல் கொடுத்து 'லே ஃபே து லமூர்' என்ற பெயரில் 1989இல் தே எஃப் அன்னில் போகத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் பல வருடம் பிந்தித்தான் பிரான்ஸுக்குக் கதை வரும், எங்கள் கசற்றைப்போல. அங்கே ஒரு மூதாட்டிக்குத் தன் மகளின் பெயர் மறந்துவிட்டது. விக்டர் நியூமன் எத்தனை பேரைக் கட்டினான் என்று மட்டும் வரிசையாகச் சொல்லுவா. அம்மாவின் பிரெஞ்சு அப்போது நாற்பது சொல்லைத் தாண்டாது. ஆனாலும் விக்டரைப் பற்றி இருவரும் சண்டை பிடிப்பார்கள். "அந்த மனிசி விக்டரைத் திட்டேக்க தன்ரை புருசனைத் திட்டுறா எண்டு எனக்குத் தெரியும்" என்று அம்மா சொன்னா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இதென்ன தெரியாத விசயமே?" என்றா.

*

2020 மார்ச் 17இல் பிரான்ஸ் பூட்டப்பட்டது. கையில் கடுதாசியோடு ஒரு மணித்தியாலம், ஒரு கிலோமீற்றர். சென்னையிலும் படப்பிடிப்புகள் நின்றதால் சன் ரி.வி. 'மெட்டி ஒலி'யைத் திரும்பப் போட்டது. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டிருந்து பார்த்தார்கள். பார்த்து முடிய வட்ஸ்அப்பில் எல்லாரும் கூடுவார்கள். கனடா மாமாவும் சேர்ந்துகொண்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், கட்சி மாறியிருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் சரோவுக்காகக் கண்ணீர் விட்ட அம்மா இப்போது ஒரு மருமகளுக்கு மாமி. "ராஜம் செய்தது பிழைதான். ஆனால் மகன் கை விட்டுப் போடுவானெண்ட பயம் அவளுக்கு" என்று ஒருநாள் சொன்னா. சின்னம்மா இரண்டு பெண்களைப் பெற்றவ, இப்போது சிதம்பரத்தில்தான் பிழை பிடித்தா: "பிள்ளையளைப் பொறுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தாள் கெடுத்தது." சீரியல் ஒரு எழுத்தும் மாறவில்லை. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை அது காட்டியது. 2021 அக்டோபரில், விஜியாக நடித்த உமா மகேஸ்வரி காலமான செய்தி வந்தபோது அம்மா சாமி அறையில் ஒரு விளக்கு வைத்தா. "நாப்பது வயசு எல்லே" என்று மட்டும் சொன்னா.

அந்த வட்ஸ்அப் கூட்டங்களில் ஒன்றில் பேச்சு மறுபடி 'கோலங்க'ளுக்குப் போனது. யூரியூப்பில் மாமா அதைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். டொரொன்டோவில் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை வராமல், ஒரு நாளைக்கு நாலைந்து பகுதி.

"அக்கா," என்றார், "அபியின்ரை தம்பி கொஞ்சம் முந்திக் கதைச்சிருக்கலாம்."

ஒருவரும் பேசவில்லை. அம்மா தன் மைக்கை மூடிவிட்டா, அது திரையில் தெரிந்தது.

பெரியம்மா கொஞ்சம் பொறுத்துச் சொன்னா: "இப்பவும் கதைக்கலாம் தம்பி. சீரியல்தானே முடிஞ்சது."

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு வந்த மாணிக்கப் பிள்ளையார் தேருக்கு மாமா பாரிஸ் வந்தார். ஹோட்டல் எடுக்கவில்லை, பெரியம்மாவின் ஒற்றை அறை வீட்டில் நிலத்தில் படுத்தார். தேர் போன வீதியில் உடைந்த தேங்காய்களுக்கு நடுவில் இருவரும் நடந்து போனதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் அவவின் பையைத் தூக்கி வந்தார். அன்றிரவு பெரியம்மா கணவாய்க் கறி வைத்தா. நான் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டேன். அவர்கள் கதைத்தார்களா, உறுதி இப்போது யாரின் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது நானில்லை.

ஆனால் போன மாதம் சலூனில் ஒரு அன்ரி, "அபி செய்தது சரியோ?" என்று பழைய வழக்கைத் திரும்ப எடுத்தபோது, பெரியம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மூடியபடி, சாவகாசமாகப் பதில் சொன்னா.

"அவள் கொஞ்சம் முந்திக் கேட்டிருக்கலாம்தான்."